கர்ச்சீப்பும் கர்ஃப்யூவும் ஒரே குடும்பமா? மூடுகிற, மறைக்கிற ஆங்கிலச் சொற்கள்

#1 விழுப்புரம்_வாத்தியார்

ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நம்ம பிள்ளைகள் யாரும் ஹேண்ட்கர்ச்சீஃப் என்று முழுசாகச் சொல்வதில்லை. கர்ச்சீப் என்றே சொல்கிறார்கள். சரியான சொல் எது என்று அகராதியைப் புரட்டினால், நம்ம ஊர் வழக்குதான் பழைய வடிவமாம். பழைய பிரெஞ்சில் 'கூவ்ர்' என்றால் மூடு, 'ஷெஃப்' என்றால் தலை. தலையை மூடும் துணி கர்ச்சீஃப். அதைக் கையில் வைத்துக்கொண்ட பிறகு முன்னால் ஹேண்ட் சேர்ந்தது. அப்படியானால் பாக்கெட் ஹேண்ட்கர்ச்சீஃப் என்பது 'சட்டைப்பை கை மூடு தலை'!

அதே அகராதியில் கர்ஃப்யூவைப் பார்த்தேன். அங்கேயும் அதே 'கூவ்ர்'. கூடவே 'ஃபெ', அதாவது நெருப்பு. நெருப்பை மூடு என்று பொருள். ஊரடங்குக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம்? இப்படி மூடுவது, போர்த்துவது, மறைப்பது என்ற பொருளிலிருந்து கிளம்பிய ஆங்கிலச் சொற்கள் வேறு என்ன இருக்கின்றன? தெரிந்தவர்கள் எழுதுங்கள். வகுப்பில் ஒரு நாள் இதை வைத்தே ஓட்டலாம் என்று யோசனை.

#2 சொல்தேடி

வாத்தியார் சார், நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

கர்ஃப்யூ முதலில் ஒரு பொருளின் பெயர். இடைக்கால ஐரோப்பாவில் மர வீடு, வைக்கோல் கூரை, வீட்டுக்கு நடுவில் திறந்த அடுப்பு. இரவில் நெருப்பை அப்படியே விட்டால் ஊரே போய்விடும். அணைத்துவிட்டால் காலையில் மறுபடி பற்றவைப்பது பெரும்பாடு. அதனால் கங்குகளை ஓரமாகக் கூட்டி, மண்ணிலோ உலோகத்திலோ செய்த ஒரு மூடியை மேலே கவிழ்த்துவிடுவார்கள். நம்ம 'நீறு பூத்த நெருப்பு' மாதிரி உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். இதைச் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று ஊர் மணி அடிக்கும். பிறகு அந்த மணிக்கே கர்ஃப்யூ என்று பெயரானது. மணிக்குப் பிறகு தெருவில் நடமாடக் கூடாது என்ற கட்டளை அதோடு ஒட்டிக்கொண்டது. காலப்போக்கில் அடுப்பு, மூடி, மணி எல்லாம் கழன்று, கட்டளை மட்டும் மிஞ்சிவிட்டது.

ஷெஃப் சமாச்சாரமும் சுவையானது. லத்தீனில் தலை 'கபுட்'. அது பிரெஞ்சில் 'ஷெஃப்' ஆகி, ஆங்கிலத்தில் சீஃப் ஆனது. சீஃப் செகரட்டரியை நாம் தலைமைச் செயலாளர் என்கிறோமே, அந்தச் சீஃப்பும் கர்ச்சீப்பின் வாலில் இருக்கும் சீஃப்பும் ஒன்றுதான்.

#3 பின்பெஞ்ச்_பாண்டி

அப்போ பஸ்ஸுல சீட்டுக்குக் கர்ச்சீப் போடுறவன் தலையை அடகு வைக்கிறான்னு அர்த்தம். 😄

கவர் பத்தி யாரும் பேசலையே? தபால் உறை கவர். மளிகைக் கடையில பிளாஸ்டிக் பை கவர். நோட்டுக்கு அட்டை போட்டா கவர். அதிகாரி கை நீட்டினா அதுவும் கவர். பொண்ணு பின்னாடி சுத்துனா கவர் பண்றான். இங்கிலீஷ்காரன்கூட இத்தனை வேலை வாங்கியிருக்க மாட்டான். கிரிக்கெட்ல கவர் எப்படி வந்துச்சு? அங்க எதை மூடுறாங்க?

#4 சொல்தேடி

பாண்டி, கிரிக்கெட்டில் மூடுவது 'பாயின்ட்' ஆளின் முதுகை. பாயின்ட்டைத் தாண்டிப் போகும் பந்தைப் பின்னால் நின்று காப்பவர் கவர் பாயின்ட். பேச்சு வழக்கில் பாயின்ட் உதிர்ந்து கவர் மட்டும் நின்றது. காப்பது என்ற பொருள் கவருக்கு அப்போதே வந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் கவர் என்று இன்று சொல்வதும் அந்த வழிதான்.

#5 வேர்த்தமிழன்

எல்லாரும் பிரெஞ்சு, லத்தீன் என்று வெளியே தேடுகிறீர்கள். கண்முன்னே இருப்பதை விட்டுவிட்டீர்களே. 'கவி' என்றால் தமிழில் மூடுதல், மேலே பரவுதல். இருள் கவிந்தது, வானம் கவிந்தது என்கிறோம். குடைக்குப் பழைய பெயர் கவிகை. கவிழ்த்து மூடுகிறோம். கவி, கவிர், கவர். இதிலிருந்துதான் ஆங்கில கவர் போயிருக்கிறது. ஒலியும் பொருளும் இவ்வளவு ஒத்துப்போகும்போது வேறு சான்று எதற்கு?

#6 சொல்தேடி

ஐயா, சான்று அதற்குத்தான் வேண்டும். ஒலியும் பொருளும் ஒத்துப்போவது உலகில் எந்த இரண்டு மொழியை எடுத்தாலும் சில சொற்களில் நடக்கும். உறவு இருக்கிறதா என்று அறிய, சொல் வந்த வழியில் ஒவ்வொரு படியும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கவருக்கு அது இருக்கிறது.

லத்தீனில் 'ஓபெரீரெ' என்றால் மூடுதல். அதன் முன்னால் முழுமையைக் குறிக்கும் 'கோ' சேர்ந்து 'கோஓபெரீரெ', முழுக்க மூடுதல். இதுதான் பிரெஞ்சில் 'கூவ்ரீர்' ஆகிறது. நடுவில் இருந்த பகரம் வகரமானது இந்தச் சொல்லுக்கு மட்டும் நடந்த தனி விபத்து அல்ல. லத்தீன் 'சபேரெ' (அறிதல்) பிரெஞ்சில் 'சவ்வார்'. 'சபோனெம்' (சோப்பு) பிரெஞ்சில் 'சவோன்'. மொழி முழுக்க ஒரே மாதிரி நடந்த மாற்றம். நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வண்டி வண்டியாக இறங்கின, அதில் இதுவும் ஒன்று.

நீங்கள் சொல்லும் 'கவிர்' என்ற நடுப்படி மூடுதல் என்ற பொருளில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? தமிழில் 'கவர்' என்ற வினையே இருக்கிறது, ஆனால் அதற்குப் பொருள் பற்றுதல், ஈர்த்தல்.

இன்னொன்றும் சொல்கிறேன். கவர், ரெக்கவர் இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. உறவே இல்லை. ரெக்கவர் 'ரெகுபெராரெ'யிலிருந்து வந்தது. ரெக்யூபரேட் என்று இன்னொரு சொல் இருக்கிறதே, அதுதான் இதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்துக்குள்ளேயே ஒலி இப்படி ஏமாற்றும்போது, கடல் தாண்டி வந்த ஒலியை நம்பலாமா?

#7 கிடுகுவேலி

வணக்கம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன்.

வேர்த்தமிழன் ஐயா கோவிக்க வேண்டாம். தமிழில இருந்து உண்மையாவே இங்கிலீசுக்குப் போன மூடுற சொல் ஒண்டு இருக்குது. பந்தல். ஆங்கில அகராதிகளில பாண்டல் எண்டு தமிழ்ச் சொல்லாத்தான் பதிஞ்சிருக்கினம்.

எங்கட பக்கம் தென்னோலையைப் பின்னி வேலி கட்டுறதும் கூரை வேயுறதும் கிடுகாலதான். நீங்கள் அதைக் கீற்று எண்டு சொல்லுவியள். இலங்கை இங்கிலீசில அதுக்குப் பேர் கேஜன். பழைய காணி உறுதிகளிலயும் வெள்ளைக்காரற்ற அறிக்கைகளிலயும் காணலாம். அது தமிழ் இல்லை, மலாய் மொழியின்ர 'கஜாங்'.

சொல்தேடி அக்காவிட்ட ஒரு கேள்வி. ஹெல் எண்ட சொல்லும் மூடுறதில இருந்துதான் வந்தது எண்டு எங்கயோ வாசிச்சனான். உண்மையோ?

#8 சொல்தேடி

உண்மை, தம்பி. இந்த இழையிலேயே பெரிய குடும்பம் அதுதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தாய்மொழியில் 'கெல்' என்று ஒரு வேரை மீட்டெடுத்திருக்கிறார்கள். மூடு, மறை என்று பொருள். லத்தீன் பக்கம் ககரம் ககரமாகவே நின்றது. ஆங்கிலம், ஜெர்மன், பழைய ஸ்காண்டிநேவியர்களின் நார்ஸ் இருக்கும் ஜெர்மானியக் கிளையில் அது ஹகரமாகிவிட்டது. இதை 1818இல் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் கவனித்து எழுதினார். 1822இல் யாக்கோப் கிரிம் விதியாகவே வகுத்தார். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான் இவர். லத்தீன் 'கார்னு', ஆங்கிலம் ஹார்ன். லத்தீன் 'கானிஸ்', ஆங்கிலம் ஹவுண்ட். நூறுக்கு லத்தீனில் 'கென்டும்', ஆங்கிலத்தில் ஹன்ட்ரட்.

இப்போது கெல் வேரை இதில் போட்டுப் பாருங்கள். ஜெர்மானியப் பக்கம் ஹெல், மறைக்கப்பட்ட இடம். நார்ஸ் புராணத்தில் அங்கே ஆட்சி செய்பவளின் பெயரும் ஹெல்தான். கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையெல்லாம் அந்தச் சொல்லில் முதலில் இல்லை. செத்தவர்கள் கண்ணுக்கு மறைந்து போகிற இடம், அவ்வளவுதான். கிறிஸ்தவம் வந்தபோது அந்த உள்ளூர்ப் பெயரை எடுத்துத் தண்டனைக் கிடங்குக்கு வைத்தார்கள். ஹால் என்றால் கூரை மூடிய பெரிய இடம். ஹெல்மெட் தலையை மூடுவது. ஹல் என்பது பயறு, நெல்லின் மேல்தோல். ஹோல், ஹாலோ இரண்டையும் இதே குடும்பத்தில் சேர்ப்பார்கள்.

லத்தீன் பக்கம் வந்தால் கன்சீல் இருக்கிறது. செல் என்ற சிற்றறை இருக்கிறது, செல்லர் என்ற நிலவறை இருக்கிறது. ராபர்ட் ஹூக் 1665இல் தக்கைத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அந்தக் கட்டம் கட்டமான அறைகளுக்கு செல் என்று பெயர் வைத்தார். அக்கல்ட் என்றால் மறைக்கப்பட்டது. நிலா ஒரு நட்சத்திரத்தை மறைப்பதை வானியலார் அக்கல்டேஷன் என்பதில் பேய் பிசாசு ஒன்றும் கிடையாது. கலர்கூட இதே வேர்தான் என்று பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. ஒரு பொருளின் மேலே மூடியிருப்பது அதன் நிறம். நம் காதில் விழும் வர்ணத்தையும் சமஸ்கிருதத்தில் மூடுதல் என்று பொருள்படும் 'வ்ரு'விலிருந்துதான் வருவிக்கிறார்கள். வேர் வேறு, போன வழி ஒன்று.

கல்யாண ஹாலும் ஜெயில் செல்லும் ஹெல்லும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள் சார்.

#9 பின்பெஞ்ச்_பாண்டி

கல்யாண ஹாலும் ஜெயில் செல்லும் ஒண்ணுன்னு எங்க மாமா முப்பது வருஷமா சொல்றாரு. அவர் கிரிம் விதியெல்லாம் படிச்சதில்ல.

#10 தூத்துக்குடி_கடற்காகம்

மெர்ச்சன்ட் நேவியில் இருந்து ஓய்வு பெற்றவன். கப்பல் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

எல்லாரும் டெக் என்றால் நிற்கும் தரை என்று நினைக்கிறார்கள். அந்தச் சொல் டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது, அதற்கு மூடி, போர்வை என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் மேலே போடும் மூடாப்பைத்தான் டெக் என்றார்கள். யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. கீழே ஹோல்டில், அதாவது சரக்கறையில், இருப்பவனுக்கு அது கூரை. மேலே நிற்பவனுக்குத்தான் தரை.

அடுத்தது நம்ம தார்ப்பாய். தார் பூசிய பாய், சுத்தத் தமிழ் என்று பல பேர் அடித்துச் சொல்வார்கள். அது டார்பாலின். டார் என்றால் தார். நடுவில் இருப்பது 'பால்', மேலே விரிக்கும் துணி. கித்தான் துணியில் தாரைப் பூசித் தண்ணீர் இறங்காமல் செய்வார்கள். நம்ம ஆட்கள் காதுக்கு அது தார்-பாய் என்று விழுந்தது. பாய் என்றால் தரையில் விரிப்பதும் பாய், கப்பலின் பாயும் பாய், அதனால் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. தார் என்ற சொல்லே டாரிலிருந்து வந்ததுதானே.

பழைய கப்பல்களில் சரக்கு இறக்கும் ஹேட்ச் வாயை மரப் பலகைகளால் மூடி, அதன்மேல் இரண்டு மூன்று அடுக்கு டார்பாலின் விரித்து, ஓரங்களில் இரும்புப் பட்டை கொடுத்து ஆப்பு அடித்து இறுக்குவோம் என்று எனக்கு முந்தைய தலைமுறை செராங்குகள் சொல்வார்கள். நான் சேர்ந்தபோது இரும்பு ஹேட்ச் கவர் வந்துவிட்டது. மாலுமிகளும் தார் பூசிய துணியையே உடுத்தியதால் 17ஆம் நூற்றாண்டில் மாலுமிக்கே டார்பாலின் என்று பட்டப்பெயர். பிரபு வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து நேராகக் கேப்டன் ஆனவர்களை ஜென்டில்மேன் கேப்டன் என்றும், கீழிருந்து வேலை கற்று ஏறியவர்களை டார்பாலின் கேப்டன் என்றும் பிரித்துப் பேசினார்கள். யாரை நம்பிக் கப்பலைக் கொடுக்கலாம் என்பது அன்றைக்கே பெரிய சண்டை. என் ஓட்டு டார்பாலினுக்கு.

#11 மெழுகுதிரி

அந்த 'பால்' என்ற துணியைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். நான் நர்ஸ். லத்தீனில் 'பல்லியும்' என்றால் மேலங்கி. சவப்பெட்டி மேல் விரிக்கும் துணியை ஆங்கிலத்தில் பால் என்பார்கள். பெட்டியைத் தூக்குகிறவர்கள் பால்பேரர்கள்.

எங்கள் வார்டில் தினமும் புழங்கும் பாலியேட்டிவ் என்ற சொல்லும் அதே பல்லியும்தான். நோயைக் குணமாக்க முடியாதபோது அதன் வேதனை மேல் ஒரு போர்வையைப் போர்த்துவது. முன்பெல்லாம் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் மட்டமான பொருளும் இருந்தது. குற்றத்தைப் பூசி மெழுகுவதையும் பாலியேட் என்றே எழுதினார்கள். 1970களில் மாண்ட்ரியலில் பால்ஃபர் மவுண்ட் என்ற மருத்துவர்தான் பாலியேட்டிவ் கேர் என்று பெயர் வைத்தார். இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இடத்துக்கு அதுவரை ஹாஸ்பிஸ் என்று பெயர். பிரெஞ்சு பேசும் அந்த ஊரில் அது அநாதை விடுதி மாதிரி ஒலித்ததாம். நோயாளி வீட்டார் 'அப்படியென்றால் இனி மருத்துவமே இல்லையா சிஸ்டர்' என்று கேட்கும்போது, போர்வையும் ஒரு மருத்துவம்தான் என்று சொல்லிப் புரியவைப்பது எங்கள் வேலையில் பாதி.

#12 வேர்த்தமிழன்

பந்தலை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. தார்ப்பாயை மட்டும் பிடுங்கிக்கொண்டீர்கள்.

சொல்தேடி அவர்களே, உங்கள் கிரிம் விதி எப்போதும் வேலை செய்யுமா, அல்லது வசதியான இடத்தில் மட்டுமா? ககரம் ஹகரமானது சரி. இன்னொரு எழுத்தில் காட்டுங்கள் பார்க்கலாம். அதுவும் மூடுகிற சொல்லிலேயே.

#13 சொல்தேடி

நல்ல கேள்வி ஐயா. காட்டுகிறேன்.

இன்னொரு வேர் 'தெக்', இதற்கும் மூடுதல்தான் பொருள். சில சொற்களில் முன்னால் ஒரு சகரம் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. கிரிம் விதிப்படி தகரம், ஆங்கிலத்தில் த்ரீ என்று சொல்லும்போது நாக்கைப் பல்லில் வைத்து ஒலிப்போமே, அந்த ஒலியாக மாறும். லத்தீன் 'ட்ரெஸ்' ஆங்கிலத்தில் த்ரீ. லத்தீன் 'டூ' பழைய ஆங்கிலத்தில் தௌ, அதாவது நீ. அப்படியே இந்த வேர் ஆங்கிலத்தில் தேட்ச் ஆனது, கூரை வேய்தல். டச்சில் அந்த ஒலி இன்னும் ஒரு படி போய் டகரமானது. கடற்காகம் அண்ணன் சொன்ன டெக் அதுதான்.

லத்தீனில் 'தெகெரெ' என்றால் மூடுதல். ரோமானியர்கள் போர்த்திய டோகா அதிலிருந்து வந்தது. கூரை ஓட்டுக்கு 'தெகுலா', அது ஆங்கிலத்தில் டைல். முன்னால் மூடினால் புரொடெக்ட். மூடியதை எடுத்தால் டிடெக்ட். 1842இல் லண்டன் மாநகரப் போலீஸ் தனியாக டிடெக்டிவ் பிரிவு தொடங்கியது. அவர்கள் வேலையின் பெயர், சொல்லுக்குச் சொல் எடுத்தால், மூடியைத் திறப்பவர்கள். டிஸ்கவரும் அதே போன்ற அமைப்புதான், வேர் மட்டும் வேறு. கிரேக்கத்தில் 'ஸ்டெகோஸ்' என்றால் கூரை. 1877இல் ஓத்னியல் மார்ஷ் ஒரு டைனசாருக்கு ஸ்டெகோசாரஸ் என்று பெயர் வைத்தபோது, அதன் முதுகுப் பலகைகள் ஓடு வேய்ந்தது போலப் படுத்திருக்கும் என்று எண்ணினார். அவை நிமிர்ந்து நின்றவை என்று பிற்பாடு தெரிந்தது. பெயர் நிலைத்துவிட்டது.

நம்ம நாட்டுப் பக்கம் இதன் கிளை இன்னும் சுவாரசியம். சமஸ்கிருதத்தில் 'ஸ்தகதி' என்றால் மூடுகிறான், மறைக்கிறான். அதன் வழியில் இந்தியில் 'டக்', ஏமாற்றுக்காரன். வழிப்பயணிகளோடு நட்பாகச் சேர்ந்து போய்க் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்த கூட்டங்களை அந்தப் பெயரால் அழைத்தார்கள். வில்லியம் ஸ்லீமன் 1830களில் அவர்களை வேட்டையாடினார், 1836இல் அதற்கென்றே சட்டம் வந்தது, ஆங்கிலத்துக்குள் தக் என்ற சொல் ஊன்றியது. இன்று இளவட்டங்கள் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் தக்கும், குடிசைக்கு வேயும் தேட்ச்சும், பாத்ரூம் டைலும் ஒரே வேரின் பிள்ளைகள்.

இவற்றில் எந்த இரண்டும் காதுக்கு ஒன்றுபோல இல்லை என்பதைக் கவனியுங்கள் ஐயா. ஆனாலும் உறவு உறுதி. கவி, கவர் ஒன்றுபோல இருக்கின்றன. உறவு இல்லை.

#14 வேர்த்தமிழன்

தக், தேட்ச் ஒன்று என்பதை ஏற்கிறேன். கவிகையை விடுவதாக இல்லை. தனி இழையில் வருகிறேன்.

#15 நெறியாளர்

கவி/கவர் விவாதத்தைப் புதிய இழையில் தொடரவும். இங்கே ஆங்கிலச் சொற்கள் மட்டும்.

#16 குன்னூர்_மேகம்

யூகலிப்டஸை விட்டுவிட்டீர்களே! நாங்கள் அதற்கு நடுவில்தான் குடியிருக்கிறோம். எங்கள் பக்கம் தைல மரம் என்போம்.

அதன் பெயர் கிரேக்கம், 'யூ' நன்றாக, 'கலிப்டோஸ்' மூடப்பட்டது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே 1788இல் வைத்தார். அவர் கையில் இருந்தது டாஸ்மேனியா பக்கம் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் மூன்றாவது கடற்பயணத்தில் சேகரித்த ஒரு மாதிரி. மொட்டைப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று தெரியும். இதழ்கள் தனித்தனியாக விரிவதில்லை. மேலே ஒரு சிறு குல்லா மாதிரி மூடி இருக்கும். பூக்கும் நேரத்தில் அந்த மூடி அப்படியே கழன்று விழும், உள்ளேயிருந்து மகரந்தத் தாள்கள் பஞ்சுபோல விரியும். மரத்தடியில் அந்தக் குல்லாக்கள் கொட்டிக் கிடக்கும், நாங்கள் சின்ன வயதில் விரல் நுனியில் மாட்டி விளையாடுவோம். நீலகிரிக்கு இந்த மரம் 1843 வாக்கில் வந்தது, விறகுத் தட்டுப்பாட்டுக்காக ஆங்கிலேயர் நட்டுப் பரப்பினார்கள். சோலைக் காட்டையும் புல்வெளியையும் அது என்ன பாடு படுத்தியது என்பது வேறு கதை, தொடங்கினால் நிறுத்த மாட்டேன்.

#17 சொல்தேடி

அருமை அக்கா. அந்தக் குல்லாவுக்குத் தாவரவியலில் ஓபெர்குலம் என்று பெயர். நான் மேலே சொன்ன 'ஓபெரீரெ', மூடுதல், அதிலிருந்து வந்தது. மரத்தின் பெயர் கிரேக்க மூடி, மொட்டின் குல்லா லத்தீன் மூடி.

கலிப்டோஸிலிருந்து இன்னொரு சொல் அப்போகலிப்ஸ். மூடியதை விலக்குதல் என்பதுதான் கிரேக்கத்தில் பொருள். உலக அழிவு என்ற பொருள், அந்தப் பெயருள்ள பைபிள் நூலில் விலக்கிக் காட்டப்பட்ட காட்சிகளால் வந்தது. அதே நூலுக்கு ஆங்கிலத்தில் ரெவலேஷன் என்றும் பெயர், அது லத்தீன். 'வேலும்' என்றால் திரை, திரையை விலக்குவது ரெவீல். தமிழில் 'வெளிப்படுத்தின விசேஷம்', 'திருவெளிப்பாடு' என்ற இரண்டு பெயர்களும் இந்தப் பொருளை ஒழுங்காகவே பிடித்திருக்கின்றன. சினிமா போஸ்டரில்தான் அப்போகலிப்ஸ் என்றால் கட்டடம் இடிகிறது.

#18 வழிப்போக்கன்

பிளாங்கெட் பற்றி வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. பிரிஸ்டலில் தாமஸ் பிளாங்கெட் என்ற நெசவாளி குளிர் தாங்காமல் கண்டுபிடித்தாராம், அதனால் அவர் பெயரே போர்வைக்கு வந்ததாம். இதைச் சேர்த்துக்கொள்ளலாமா?

#19 சொல்தேடி

வேண்டாம். அந்தப் பெயரில் பிரிஸ்டலில் ஒரு துணி வணிகர் 14ஆம் நூற்றாண்டில் இருந்தது உண்மை. சொல் அவருக்கு முந்தியது. பிரெஞ்சில் 'பிளாங்க்' என்றால் வெள்ளை, சாயம் ஏற்றாத கம்பளித் துணிக்கு அந்தப் பெயர். துணியால்தான் அவர் குடும்பத்துக்குப் பெயர் வந்திருக்கும்.

இப்படிப்பட்ட கதைகளில் ஒன்று மட்டும் கிட்டத்தட்ட உண்மை, அது சேப்பல். தூர் நகரப் புனித மார்ட்டின், கிறிஸ்தவராவதற்கு முன் ரோமானியப் படைவீரர். ஆமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதி கொடுத்தார் என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது. 'கப்பா' என்றால் மேலங்கி, சிறியது 'கப்பெல்லா'. அந்த அங்கியை ஃபிராங்கு அரசர்கள் புனிதப் பொருளாக வைத்துக் காத்தார்கள். அதை வைத்திருந்த இடம் கப்பெல்லா, காத்த குருக்கள் கப்பெல்லானி. சேப்பலும் சேப்ளினும் அங்கிருந்து வந்தவை. கபுட் ஷெஃப் ஆன அதே மாற்றம்தான் கப்பெல்லாவை ஷப்பெல் ஆக்கியது.

எஸ்கேப்பும் அதே கப்பாதான். 'எக்ஸ் கப்பா', அங்கியை விட்டு வெளியே. பிடித்தவன் கையில் மேலங்கி மட்டும் மிஞ்ச, ஆள் கழன்று ஓடிவிடுவது.

#20 பின்பெஞ்ச்_பாண்டி

துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடுறதுதானே! இதுக்கு எதுக்கு லத்தீன்? எங்க ஊர்ல தினமும் நடக்குது.

#21 விழுப்புரம்_வாத்தியார்

இந்த ஒரு பதிவை மட்டும் வைத்தே வகுப்பு எடுக்கலாம் போலிருக்கிறது. க்ளோக் என்ற மேலங்கியும் மணி காட்டும் க்ளாக்கும் எழுத்தில் நெருங்கி இருக்கின்றனவே, அதுவும் காது ஏமாற்றும் வகைதானா?

#22 சொல்தேடி

இல்லை சார், இங்கே உறவு உண்மை. இரண்டும் பிற்கால லத்தீன் 'க்ளோக்கா', மணி. அடித்து நேரம் சொன்னது க்ளாக். தோளில் போட்டால் மணியின் வடிவத்தில் விரிந்து நின்றது க்ளோக்.

#23 லண்டன்_குளிர்

இங்கே கட்டட வேலையில் இருக்கிறேன், கூரை பக்கம் நானும் கொஞ்சம் எழுதலாமா?

லண்டனில் 1212இல் பெரிய தீ விபத்துக்குப் பிறகு புதுக் கட்டடங்களுக்கு வைக்கோல், நாணல் கூரை கூடாது என்று நகர நிர்வாகம் விதி போட்டது. ஓடு போடு, மரச் சில்லு போடு, ஈயத் தகடு போடு, தேட்ச் மட்டும் வேண்டாம். ஆனால் தேம்ஸின் தென்கரை அந்த எல்லைக்கு வெளியே. அங்கேதான் ஷேக்ஸ்பியர் குழுவின் குளோப் நாடக அரங்கு தேட்ச் கூரையோடு நின்றது. 1613இல் நாடகத்தில் ஓசைக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் விழுந்து முழு அரங்கும் எரிந்தது. அடுத்த வருடமே மறுபடி கட்டினார்கள், இந்த முறை ஓடு. சொல்தேடி கணக்குப்படி தேட்ச் போய் டைல் வந்தது, தெக் வேர் போகவில்லை.

இன்னொன்று. இந்த நாட்டில் வேலைப் பெயர்களே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. கூரை வேய்கிறவர் தேட்சர். ஓடு போடுகிறவர் டைலர், தையல்காரர் அல்ல, வேறு எழுத்து. 1381இல் தலைக்கு இவ்வளவு என்று அரசு போட்ட போல் டாக்ஸை எதிர்த்து விவசாயிகள் கிளம்பினார்களே, அவர்களுக்குத் தலைவன் வாட் டைலர். ஸ்மித்ஃபீல்டில் அரசனோடு பேச்சு நடக்கும்போதே அவரை வெட்டிக் கொன்றார்கள். 600 வருடம் கழித்து மார்கரெட் தேட்சர் அதே மாதிரி தலைக்கு ஒரு வரி கொண்டுவந்தார். அரசு வைத்த பெயர் கம்யூனிட்டி சார்ஜ், மக்கள் வாயில் போல் டாக்ஸ். 1990 மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம், நவம்பரில் அவர் பதவி விலகினார், காரணங்களில் இந்த வரியும் ஒன்று. ஆக ஒரு போல் டாக்ஸ் டைலரை எழுப்பியது, இன்னொரு போல் டாக்ஸ் தேட்சரை இறக்கியது. இருவர் பெயரும் கூரை மூடுகிறவர், ஒரே வேர்.

#24 கிடுகுவேலி

இது பெரிய பகிடி! போல் எண்டாலும் தலைதானே. தலைவரி.

#25 சொல்தேடி

லண்டன் நண்பரே, இது எனக்கும் புதிது, நன்றி. கூரைக்காரர்களில் இன்னொரு பெயரும் உண்டு. தென்மேற்கு இங்கிலாந்தில் ஹெல்லியர், ஹில்லியர் என்ற குடும்பங்களைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பக்கத்து வழக்கில் 'ஹீல்' என்றால் மூடுதல், ஹெல்லியர் என்றால் ஓடோ கல்லோ போட்டுக் கூரை மூடுபவர். இது தெக் இல்லை, கெல். ஹெல்லுக்கும் ஹெல்மெட்டுக்கும் சொந்தக்காரர்.

#26 விழுப்புரம்_வாத்தியார்

வியாழக்கிழமை கடைசி இரண்டு பீரியட் கேட்டு வாங்கிவிட்டேன். கிரிம் விதி ஒன்பதாம் வகுப்புக்கு ஏறுமா என்று தெரியவில்லை, டைலர்-தேட்சரிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். ஸ்லேட்டர் என்றும் ஒரு குடும்பப் பெயர் உண்டே, அவரும் கூரைக்காரர்தானே? அந்தச் சொல்லும் மூடுவதா?

#27 சொல்தேடி

வேலை கூரைதான் சார், சொல் வேறு. ஸ்லேட் பழைய பிரெஞ்சு 'எஸ்க்லாட்', சில்லு, பிளந்த துண்டு. பலகைக் கல்லை ஏடு ஏடாகப் பிளந்து எடுப்பதால் அந்தப் பெயர். பையன்கள் கேட்டால் அவரை வெளியே நிறுத்திவிடுங்கள்.